விரித்தது மூலமன்று

சற்றே நீண்ட பதிவு. சொற்பகுப்பான், சொல்லாக்கி, அகராதித் தரவு ஆகியவற்றோடு தொடர்புடைய ஆய்வு மாணவர்களும் அவர்தம் நெறியாளர்களும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். ஏனையோர் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கன்றுக்குட்டி என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் வழக்கம்போல் முழங்காலளவு நீர் தேங்கிய நாள். துறைக்குச் செல்ல வழியில்லை. அறையிலேயே அமர்ந்து, பிறிதொரு நிறுவனத்திலிருந்து பெற்ற வினைத்தரவுக் கோப்பை என் பகுப்பானில் இணைத்து ஓட்டிப் பார்த்தேன். ‘கன்று’ என்ற சொல்லுக்கு அது இரண்டு விடை தந்தது. ஒன்று, பசுவின் கன்று. மற்றொன்று, ‘கல்’ என்னும் வினையின் இறந்தகால வினையெச்சம். அதாவது, தொழுவத்தில் நிற்கும் கன்று ‘கற்று’ என்று பொருள்படுமாம்.

நடந்தது இதுதான். லகர மெய்யில் முடியும் வினைகள் இறந்தகாலத்தில் பெரும்பாலும் இருவழிப் பிரிகின்றன. செல், கொல், வெல் ஆகியவை சென்று, கொன்று, வென்று என்றாகும். கல், ஏல், தோல், நூல் ஆகியவை கற்று, ஏற்று, தோற்று, நூற்று என்றாகும். தரவை உருவாக்கியவர் ‘கல்’ என்பதனை முதல் வகையில் இட்டுவிட்டார். ஒரு சிறு பிழை. அதன் விளைவாகக் கோப்பில் கன்றான், கன்றவர்கள், கன்றிருந்தால், கல்கிறேன், கல்வேன் என்று அணிவகுத்து நின்றன. அவ்வளவும் பிழையாக நின்றிருந்தாலாவது நிம்மதி. இடையில் யாரோ ஒருவர் பிழையைக் கண்டு, அடிக்கடி வரும் வடிவங்களை மட்டும் கையால் திருத்தியிருந்தார். ஆகவே கற்றான், கற்றாள், கற்றார் சரியாக இருந்தன. ‘கன்றவர்கள்’ அப்படியே கிடந்தது. ஒரே கோப்பில் ஒரே வினை இரண்டு இலக்கணங்களைப் பின்பற்றியது.

அது மனிதர் எழுதிய கோப்பன்று என்பது பார்த்தவுடனே விளங்கிற்று. அத்தனை ஒழுங்கான வரிகளை எவரும் கையால் எழுதுவதில்லை. சில நூறு வரிகள் கொண்ட விதிக்கோப்பு ஒன்று இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு மேக்ரோச் செயலி இதனை விரித்திருக்கிறது. அந்த விதிக்கோப்பைக் கேட்டு எழுதினேன். வந்த மறுமொழி: “அதைச் செய்த மாணவர் போய்விட்டார் அம்மா, அந்தக் கணினியும் இப்போது இல்லை. அதுதான் விரிந்த கோப்பு முழுவதும் உங்களிடம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?”

இப்பதிவு அந்த ‘வேறென்ன வேண்டும்’ என்ற கேள்விக்கு எதிராக எழுதப்படுகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லத் தேவையுமில்லை, நம்மிற் பலர் இதனையே செய்கிறோம்.

மேக்ரோச் செயலி என்றால் என்ன என்பதை இலக்கிய மாணவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயரைக் கண்டால் அவ்விடத்தில் அதற்குரிய விரிவை வைக்கும் கருவி அது. எங்கள் வட்டப் பூங்காவின் பெயர் மகேஷ்வரி உத்யான். பேருந்து நடத்துநரிடம் ‘கிங்ஸ் சர்க்கிள்’ என்கிறோம், அவர் உரிய இடத்தில் இறக்கிவிடுகிறார். குறும்பெயர் நம்முடையது, விரிவு அவருடையது. இப்பெயர்களுக்கு அளபுருக்கள் தரலாம், ஒரு விரிவுக்குள் வேறொரு பெயரை வைக்கலாம் என்ற நிலை வந்தால் அதுவே ஒரு சிறு மொழியாகிவிடும். கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி 1965-இல் ஜி.பி.எம். என்ற பொதுநோக்கு மேக்ரோச் செயலியை விளக்கி எழுதினார். பெல் ஆய்வகத்தில் கெர்னிகனும் ரிச்சியும் 1977-இல் எம்4-ஐ உருவாக்கினர். லினக்ஸில் எந்த மென்பொருளையேனும் மூலத்திலிருந்து நிறுவியவர், அறிந்தோ அறியாமலோ எம்4-இன் விளைபொருளை ஓட்டியிருப்பார். 1991-இல் தோன்றிய ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தரும் ‘கன்ஃபிகர்’ நிரல் எம்4 விரித்ததே. இலக்கணப் பாகுபடுத்திகளை ஆக்கித் தரும் பைசன் கருவியும் உள்ளே எம்4-ஐயே நம்பியிருக்கிறது.

தமிழுக்கு எம்4 இனிய கருவி என்று நான் வாதிடவில்லை. அதன் கண்ணுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் பெயராகும். மேக்ரோவுக்கு ‘வினை’ என்று தமிழில் பெயரிட்டால் அதனை நேரடியாக அழைக்க இயலாது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்னும். நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறிகள், எம்4 எண்ணுவது பைட்டுகளை. சொல்லை நடுவில் வெட்டச் சொன்னால் எழுத்தின் வயிற்றிலேயே வெட்டிவிடும். போதாக்குறைக்கு அதன் மேற்கோள் குறிகள். ஆங்கிலப் பொருள்விளக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று தனித்து வந்ததால் ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன். ஆகவே பைத்தானில் எழுதுக, பெர்லில் எழுதுக, விருப்பம் உங்களுடையது. கருவியைப் பற்றிய சண்டை எனக்கில்லை. விதியிலிருந்து விரிக்கப்பட்ட கோப்பை மூலமென்று வழங்குவதும், விதியைத் தொலைப்பதும், விரிவைக் கையால் திருத்துவதும் ஆகிய மூன்றே என் வழக்கு.

இதனைச் சரியாகச் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பணியாற்றிய சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து மிரியம் புட் ஆகிய மூவரும் 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பின்னர் ‘தமிழிமார்ஃப்’ என்று அறியப்பட்ட பகுப்பானின் தொடக்க நிலையை அது விவரிக்கிறது. ஃபைனைட் ஸ்டேட் பொறிக்குத் தேவையான சொல்வகுப்புகளை அவர்கள் நேரடியாக எழுதவில்லை. அவற்றுக்கு மேலே ‘மெட்டா-மார்ஃப்’ விதிகள் என்றொரு அடுக்கை வைத்து, அவ்விதிகளை ஒரு ஸ்கிரிப்ட் கொண்டு பொறிக்குரிய வடிவாக மாற்றினர். அது எம்4 அன்று, தனி ஸ்கிரிப்ட். ஆயினும் செய்யும் வேலை அதுவே. ஏன் அப்படிச் செய்தனர் என்பதையும் கூறினர்: கணினிப் பயிற்சி குறைந்த மொழியியலாளரும் உள்ளே வந்து விதிகளைப் பார்க்கவும் வளர்க்கவும் இயல வேண்டும் என்பதற்காக.

அக்கட்டுரை தரும் எண்களைப் பாருங்கள். 3,300 வினையடிகள், ஒவ்வொன்றுக்கும் 260 வடிவங்கள். பெருக்கினால் 8,58,000. அவர்கள் பெருக்கிச் சொல்லவில்லை. அடிகளையும் வடிவங்களையும் தனித்தனியே சொன்னார்கள். அதில் ஒரு நாணயம் இருக்கிறது. நம் திட்ட அறிக்கைகளிலோ பெருக்கிய எண்தான் முதல் வரியில் நிற்கும். எட்டரை லட்சம் என்றால் நிதிக்குழு நிமிர்ந்து உட்காரும். 3,300 சொற்களை வகைப்படுத்தினேன், சில நூறு விதிகள் எழுதினேன் என்றால் ‘இவ்வளவுதானா’ என்று கேட்கும். ஆனால் அறிவுழைப்பு நிகழ்ந்த இடம் அந்த ‘இவ்வளவு’ மட்டுமே. மீதியை இயந்திரம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடுகிறது.

இது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியுமன்று. நம் இலக்கண நூலார் எவரும் சொல்வடிவங்களைப் பட்டியலிட்டுத் தந்தாரில்லை. முன்னே ஓரிடத்தில் விதியைச் சொல்லி, பின்னே ‘அதுவும் அற்றே’ என்ற பாங்கில் சுட்டிச் செல்வது தொல்காப்பியத்தின் அன்றாட நடை. அதனை மாட்டேறு என்பர். நன்னூல் தொகுத்துக் கூறும் 32 உத்திகளுள் மாட்டெறிந்து ஒழுகலும் ஒன்று. மேக்ரோவை அழைப்பதற்கு இதைவிட நல்ல தமிழ்ப்பெயர் எனக்குத் தெரியவில்லை. விரித்துக் காட்டும் பணி உரையாசிரியருக்கு உரியது. அவர் எடுத்துக்காட்டு ஐயத்துக்கிடமானால் நூற்பாவிடம் திரும்பிச் சென்று வழக்காடலாம். நூற்பாவைத் தீயிலிட்டு, எடுத்துக்காட்டுகளை மட்டும் ஏட்டில் படியெடுத்து, இதுவே இலக்கணம் என்று ஒருவர் தந்திருந்தால் அவரை என்னென்று சொல்லியிருப்போம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் ‘செய்-தல்’ என்பதனருகே 1 என்ற எண்ணும், ‘படி-த்தல்’ அருகே 11-உம், ‘நட-த்தல்’ அருகே 12-உம் இருக்கக் காணலாம். அந்த எண் வினையின் வகை. செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்பதும், படித்தேன், படிக்கிறேன், படிப்பேன் என்பதும், நடந்தேன், நடக்கிறேன், நடப்பேன் என்பதும் அவ்வெண்ணுக்குள் மடங்கிக் கிடக்கின்றன. 1924-க்கும் 1936-க்கும் இடையில் ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட மனிதர்கள் ஓர் எண்ணால் செய்த வேலையை, நினைவகம் மலிந்த நாம் ஆயிரக்கணக்கான வரிகளாக விரித்துப் பின் அந்த எண்ணையே தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விரிந்த கோப்பே பயனருக்கு எளிது, அவரிடம் எம்4 இல்லாதிருக்கலாம் என்பது ஒன்று. உண்மைதான். ஆட்டோகான்ஃப் விரிந்த நிரலைச் சேர்த்து வழங்கச் செய்வதும் இதற்காகவே. நானும் மறுக்கவில்லை, வெளியீட்டோடு விரிவையும் சேர்த்துத் தருக, ஆனால் விதியோடு சேர்த்துத் தருக. விதியிலிருந்து மறுபடி விரித்தால் வழங்கிய கோப்பே கிடைக்கிறதா என்று எவரும் சோதிக்கும்படி தருக.

இச்சோதனையைத் துறைசார் ஆசாரம் என்று எண்ணுவோருக்கு 2024 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறேன். எக்ஸ்.இசட். என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு பின்வாசலைப் புகுத்தியிருந்தனர். நஞ்சு சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதனை பில்டின்போது வெளியே இழுத்துவரும் வரிகள் ஓர் எம்4 கோப்பில் இருந்தன. அந்த வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்துக்கு வைத்த தொகுப்புக்குள் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தைப் படித்தவர் கண்ணில் படவில்லை. தொகுப்பைப் பதிவிறக்கியவர், அதிலுள்ள எம்4 கோப்புகளை யார் படிக்கிறார்கள் என்றிருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து உள்ளே தோண்டியதால் உலகம் தப்பியது. நம் சொற்கோப்புகளில் எவரும் பின்வாசல் வைக்கப்போவதில்லை. ‘கன்றவர்கள்’ வந்து குடியேறிய வழி மட்டும் அதுவேதான். மூலத்துக்கும் வழங்கிய பொருளுக்கும் இடையே எவரும் பார்க்காத ஒரு சந்து.

நரம்பியல் வலையமைப்புகள் வந்தபின் விதிகள் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. அவற்றைப் பயிற்றவும் மதிப்பிடவும் இதே விரிந்த பட்டியல்களைத்தானே கொண்டு போகிறீர்கள்? மேற்கொண்டு இதில் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விதியைக் கொடுத்தால் பிறர் எளிதில் மாற்றிவிடுவர், விரிவைக் கொடுத்தால் நம்மிடமே வர வேண்டும். இதற்கும் ஒரு பழைய விடை உண்டு. 1991-இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பு மூலநிரல் என்றால் என்ன என்பதை வரையறுத்தது: மாற்றம் செய்ய விழைபவர் எந்த வடிவத்தில் மாற்ற விரும்புவாரோ அந்த வடிவமே மூலம். இந்த அளவுகோலின்படி, எவரும் மாற்ற விரும்பாத அந்தப் பெருங்கோப்பு மூலமாகாது. ‘திறந்த தரவு’ என்ற முத்திரையோடு அதனை வழங்குவது, பூட்டிய வீட்டின் வரைபடத்தைத் தந்து குடிபுகச் சொல்வதற்கு ஒப்பு.

மாற்ற விரும்புபவர் யார் என்ற கேள்விக்கு என் தெருவிலிருந்தே விடை சொல்லலாம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவி நடந்துபோகும் தொலைவு. மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் என் ஆய்வுக்காகப் பேச்சுப் பதிவுகள் செய்தேன். அங்குள்ள தமிழருள் மிகப் பலர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தோரின் வழியினர். மூன்று தலைமுறை மும்பையில் கழிந்தபின்னும் வினைமுற்றில் நெல்லை தங்கியிருக்கிறது. ஒரு மூதாட்டி “சொல்லுதேன், கேளும்மா” என்று தொடங்கினார். “அங்கன தெனமும் பாக்கேன்” என்றார். எழுத்துத் தமிழின் ‘சொல்கிறேன்’ அங்கே ‘சொல்லுதேன்’. ‘பார்க்கிறேன்’ அங்கே ‘பாக்கேன்’. மெல்வினை, வல்வினை என்ற பழைய பிரிவு அப்படியே நிற்கிறது; நிகழ்கால இடைநிலை மட்டும் வேறு. ‘பார்’ என்பதன் ரகரம் கெடுவது தனி ஒலிவிதி.

பெற்ற கோப்பை அவ்வம்மையாரின் பேச்சின்மீது ஓட்டினேன். வினைமுற்றுகளுள் பெரும்பாலானவை ‘அறியாச் சொல்’ என்று வந்தன. விதிக்கோப்பு என்னிடம் இருந்திருந்தால், இடைநிலையைச் சொல்லும் இரண்டு வரிகளுக்கு ‘வழக்கு’ என்ற ஓர் அளபுருவைச் சேர்த்து, ஒலிவிதி ஒன்றை எழுதி, மறுபடி விரித்திருப்பேன். விரிந்த கோப்பில் என்ன செய்வது? ஒரு வினைக்கு நிகழ்கால முற்று பத்தேனும் வரும். 3,300 வினைகள் என்றால் 33,000 வரிகள். எந்த ஆய்வு மாணவரும் அதைக் கையால் செய்யமாட்டார். ஆகவே ஒருவரும் செய்வதில்லை. ஆகவே தாராவியின் தமிழ் ‘அறியாச் சொல்’ ஆகவே இருக்கிறது. எழுத்து வழக்கை மட்டும் எடுத்தது தொடக்கத்தில் ஓர் ஆய்வாளர் தம் வசதிக்காகச் செய்த தேர்வு. விரித்து, மூலத்தைத் தொலைத்து, அதையே களஞ்சியத்தில் ஏற்றியபின் அத்தேர்வு தமிழின் எல்லையாகிவிடுகிறது. வட்டார வழக்குகளைப் புறக்கணித்தோம் என்று ஒருவரும் தீர்மானம் போடவில்லை. பில்டு நடைமுறையே தீர்மானம் போட்டுவிட்டது.

இதில் இரு துறைகளுக்கும் பங்குண்டு. மொழியியல் துறையில் நாம் ‘நிரல் எழுதுவது தொழில்நுட்பர் வேலை, நாங்கள் பட்டியல் தருவோம்’ என்கிறோம். கணினித் துறையிலோ மொழியியல் என்றாலே பட்டியல்தான் என்ற எண்ணம். இருவரும் விரிந்த கோப்பின்மீது கைகுலுக்கிக்கொள்கிறோம். விதியை எழுதிய மாணவர் நன்றியுரையில்கூட இடம்பெறுவதில்லை. அவர் எழுதியது ‘இடைக்கால ஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் ஒரு மடிக்கணினியோடு மறைகிறது. அது இடைக்காலப் பொருளன்று. அந்த ஸ்கிரிப்ட்தான் அவர் எழுதிய இலக்கண நூல்.

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். மொழித்தரவை உள்ளடக்கிய ஆய்வேட்டைப் பெறும் பல்கலைக்கழகம், விதிக்கோப்பும் அதனை விரிக்கும் நிரலும் இல்லாமல் அதனை ஏற்கக் கூடாது. புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் ஒரு வினையின் வகையை மாற்றச் சொல்லி, மறுபடி விரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடப் பணி. விரிந்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘இது விரிக்கப்பட்டது, இங்கே திருத்தற்க, இன்ன கோப்பில் திருத்துக’ என்ற வரி நிற்க வேண்டும். திருத்தம் விதியில் செய்யப்பட்டால் தானே விரிவைப் புதுப்பிக்க, 1976-இலேயே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியைச் செய்து தந்துவிட்டார். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கன்றுக்குட்டிக் கதையின் மீதி: மூன்று வாரம் அந்தப் பெருங்கோப்பைப் பின்னோக்கிப் படித்து, எந்த வடிவம் எந்த விதியிலிருந்து வந்திருக்கும் என்று ஊகித்து, விதிகளை மீட்டெழுதினேன். பெரும்பகுதியை மீட்டுவிட்டேன். சில இடங்களில் வரும் விலகல்கள் மூல ஆசிரியர் எண்ணிச் செய்தவையா, பின்னர் எவரோ கையால் திருத்தியவையா என்பதை அறிய வழியேயில்லை. அவற்றைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் விதிக்கோப்பு மட்டுமே அச்சாகும், விரிவு அச்சாகாது. பக்கம் குறைகிறதே என்று நெறியாளர் ஒருமுறை கேட்டார், பிறகு அவரே சிரித்துவிட்டார்.

கோப்பு வேண்டுவோர் உட்பெட்டியில் கேட்கலாம். எம்4-இல்தான் இருக்கிறது, மேற்கோள் குறிகளை மாற்றி வைத்திருக்கிறேன், அஞ்ச வேண்டாம். நெல்லை வழக்குக்கான அளபுரு சேர்த்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கும் குமரிக்கும் இடம் விட்டிருக்கிறேன். அவ்வழக்குகளை அறிந்தவர் எழுதுக. பிழை கண்டால் விதியின் வரி எண்ணைக் குறித்து அனுப்புக. விரிவின் வரி எண் எனக்கு உதவாது.